கிக்கர் போனது இருக்கட்டும், அந்த 38 இடங்களில் யார்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நான் பின்தொடரும் அணியின் கிக்கர் (கோலுக்குப் பந்தை உதைப்பவர்) படிப்பு முடிந்து போய்விட்டார். பன்டர் (பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுப்பவர்) இருக்கிறார். ஸ்ப்ரிங் (வசந்தகாலப்) பயிற்சி தொடங்குவதற்கு முன், இந்த ஆண்டு ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் கட்டங்களுக்கென்று இறங்கும் அணிகள்) எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து பார்க்கும் ஒரு ரசிகர் எப்படிக் கணிப்பது?

கிக்கரைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, டிவி வர்ணனையில் பெயரே அடிபடாத ஏறக்குறைய இருபது பேரை.

கணக்கு எளிது. ஸ்பெஷல் டீம்ஸ் என்பது ஆறு அணிகள்: கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதை), கிக்காஃப் ரிட்டர்ன் (அதைப் பிடித்துத் திரும்ப ஓடுவது), பன்ட் (முன்னேற முடியாதபோது பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது), பன்ட் ரிட்டர்ன், ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது), எதிரணியின் ஃபீல்டு கோலைத் தடுக்கும் அணி. ஃபீல்டு கோலில் முன்வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வழக்கமான அஃபென்ஸ் லைன்மேன்கள், தடுக்க நிற்பவர்கள் வழக்கமான டிஃபென்ஸ்காரர்கள். அந்த இரண்டையும் விட்டுவிட்டால் நான்கு அணிகள், 44 இடங்கள். அதில் கிக்கர் ஒன்று, பன்டர் ஒன்று, லாங் ஸ்னாப்பர் (கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிபவர்) ஒன்று, ரிட்டர்னர்கள் மூன்று போக மிச்சம் 38. இந்த 38 இடங்களை நிரப்புபவர்கள் மற்ற நிலைகளின் மாற்று ஆட்டக்காரர்கள்: இரண்டாம் வரிசை லைன்பேக்கர்கள், மூன்றாவது சேஃப்டி, நான்காவது ரன்னிங் பேக், பிளாக் செய்ய மட்டும் இறங்கும் டைட் எண்ட் போன்றவர்கள். ஒருவரே மூன்று நான்கு அணிகளில் ஓடுவார். அதனால் அப்படி ஒருவர் போனால் ஓரிடம் அல்ல, நான்கு இடம் காலியாகிறது.

செய்தித்தாள் முன்னோட்டங்களில் "கிக்கர் போய்விட்டார், பன்டர் திரும்புகிறார், ரிட்டர்னர் திரும்புகிறார்" என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். அந்த மூன்று வரியில் இந்த 38 இடங்களைப் பற்றி ஒன்றுமே இருக்காது.

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டணத் தரவுத் தளங்களில் ஸ்பெஷல் டீம்ஸில் யார் எத்தனை ஸ்னாப் (பந்து பின்னால் எறியப்பட்டு நடக்கும் ஒவ்வொரு ஆட்டத் துண்டு) ஆடினார்கள் என்று கிடைக்கும். காசு செலவழிக்க வேண்டாம் என்றால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பிளே-பை-பிளே (ஒவ்வொரு ஆட்டத் துண்டின் வரிப் பதிவு) இருக்கிறது. அதில் கிக்காஃப், பன்ட் வரிகளின் கடைசியில் டாக்கிள் செய்தவர் (பந்துடன் ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தியவர்) பெயர் போட்டிருப்பார்கள். கடந்த ஆண்டின் 12 அல்லது 13 ஆட்டங்களையும் எடுத்து, அந்த வரிகளை மட்டும் பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று மணி நேர வேலை. முடிவில் ஐந்தாறு பெயர்கள் தனியாகத் தெரியும். கவரேஜின் (உதைத்த பந்தின் பின்னால் ஓடி ரிட்டர்னரைத் தடுப்பதன்) முதுகெலும்பு அவர்கள்தான். அந்த ஐந்தாறு பேரில் எத்தனை பேர் படிப்பு முடித்துவிட்டார்கள், எத்தனை பேர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்புவோர் பெயர் கொடுக்கும் பட்டியல்) போய்விட்டார்கள், எத்தனை பேர் இந்த ஆண்டு டிஃபென்ஸில் முதல் வரிசைக்கு உயர்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாவது வகையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். நன்றாக ஆடிய மாற்று லைன்பேக்கர் இந்த ஆண்டு ஆட்டத்துக்கு அறுபது ஸ்னாப் ஆடப் போகிறார் என்றால், கிக்காஃபில் அவரை முழு வேகத்தில் ஐம்பது யார்டு ஓடவிட எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. அவர் அணியை விட்டுப் போகவில்லை. ஸ்பெஷல் டீம்ஸுக்கு மட்டும் இல்லாமல் போய்விட்டார்.

இந்தக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. சீசன் கடைசியில் சில புதுப் பெயர்கள் தென்படும். ஒரு மாணவர் 4 ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டின் தகுதியை இழக்க மாட்டார் என்ற விதி 2018 முதல் இருக்கிறது. அதனால் நவம்பரில் முதலாண்டு மாணவர்களைக் கிக்காஃபில் இறக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பெயர்களுக்கு எதிரே கோடு குறைவாக இருந்தாலும் வட்டம் போட்டு வையுங்கள். இந்த ஆண்டு அந்த 38-இல் பாதி அவர்களாக இருக்கலாம்.

இன்னொரு மாற்றமும் இங்கேதான் உறைக்கும். 2025 சீசன் முதல், புதிய வருவாய்ப் பகிர்வு ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 105 பேர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முன்பு உதவித்தொகை பெறுவோர் 85, அதற்கு மேல் சொந்தச் செலவில் சேர்ந்த வாக்-ஆன்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் என்ற நிலை. பல கல்லூரிகள் 120 பேருக்கு மேல் வைத்திருந்தன. வெட்டு விழுந்தது அந்த வாக்-ஆன்கள் மீது. அதாவது மூன்றாவது கிக்கர், இரண்டாவது ஸ்னாப்பர், கவரேஜுக்காகவே வைத்திருந்த ஐந்தாம் ஆண்டு சேஃப்டி. ஆகவே பட்டியலை எடுத்து, ஸ்னாப்பர் என்ற பெயரில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவர்தான் என்றால் அது அணியின் மிகப் பெரிய பலவீனங்களில் ஒன்று. அவருக்குக் கணுக்கால் சுளுக்கினால், உயர்நிலைப் பள்ளியில் எப்போதோ பழகிய ஒரு சென்டர்தான் வந்து 15 யார்டு பின்னால் எறிய வேண்டும்.

இனி ஃபீல்டு கோல். இதில் சதவீதத்தை நம்புவதில் உள்ள சிக்கல் ஆட்களில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. கல்லூரிக் கிக்கர் ஒரு சீசனில் சுமார் 20 முறை முயல்வார். உண்மையான திறமை 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் தற்செயலாலேயே அவர் ஓர் ஆண்டு 14, இன்னோர் ஆண்டு 18 என்று போடுவது சாதாரணம். 70 சதவீதம், 90 சதவீதம். முதல் ஆண்டில் "மாற்றுங்கள் இவரை" என்பார்கள், இரண்டாம் ஆண்டில் சிறந்த கிக்கருக்கான லூ க்ரோசா விருதுக்குப் பேர் அடிபடும். ஆள் ஒருவரேதான். அதனால் மொத்தச் சதவீதத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, 39 யார்டு வரை, 40 முதல் 49, 50-க்கு மேல் என்று மூன்றாகப் பிரியுங்கள். 39-க்குள் இரண்டு மூன்று தவறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடலாம். 50-க்கு மேல் நான்கில் ஒன்று போட்டார் என்பதிலிருந்து ஒன்றும் தெரியாது.

தவறிய ஒவ்வொன்றையும் வீடியோவில் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் போனால் பெரும்பாலும் ஊன்றும் காலின் இடமோ, ஹோல்டர் (ஸ்னாப்பைப் பிடித்துப் பந்தைத் தரையில் நிறுத்துபவர்) பந்தைச் சாய்க்கும் கோணமோ காரணம். வசந்தத்தில் திருத்திவிடலாம். இரு பக்கமும் சிதறினால் பந்தில் கால் படும் இடமே நிலையாக இல்லை. அது சீக்கிரம் சரியாகாது. பந்தின் தையல் கிக்கரைப் பார்த்து நின்றதா, கோலைப் பார்த்து நின்றதா என்றும் கவனியுங்கள். தையல் முன்பக்கம் நிற்க வேண்டும். ஹோல்டர் ஒவ்வொரு முறையும் பந்தைச் சுழற்றித் திருப்ப வேண்டியிருந்தால், குறை அவரிடம் இல்லை, ஸ்னாப்பரிடம். நல்ல ஸ்னாப்பர் ஒரே வேகத்தில், ஒரே எண்ணிக்கைச் சுழற்சியில் எறிவார். கைக்கு வரும்போதே தையல் மேல்நோக்கி இருக்கும், அப்படியே வைத்தால் போதும்.

நேரத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நொடிக்கு 30 பிரேம் ஓடும் வீடியோவில், ஸ்னாப்பரின் கையில் பந்து அசையும் பிரேமிலிருந்து கால் படும் பிரேம் வரை எண்ணுங்கள். 38 முதல் 40 பிரேம் என்றால் 1.3 நொடிப் பக்கம், நல்லது. 42-ஐத் தாண்டினால், அதாவது 1.4 நொடி, ஓரத்திலிருந்து பாய்பவர் பந்துக்கு முன் வந்துவிடுவார். ஒரு பிரேம் என்பது நொடியில் முப்பதில் ஒரு பங்கு. நான்கு பிரேம் சோம்பலில் ஒரு ஃபீல்டு கோல் போய்விடும்.

தடுக்கப்பட்ட கிக்குகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஓரத்திலிருந்து வந்து தடுத்தால் நேரமோ, கடைசியில் நிற்கும் விங்கோ குற்றவாளி. விங்கின் வேலை உள் காலை அசைக்காமல் ஊன்றி, உள் இடைவெளியை முதலில் அடைப்பது. அவர் வெளியே வருபவனைத் துரத்தி உள் காலை எடுத்தால் உள்ளே கதவு திறந்துவிடும். நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்து தடுத்தால், கார்டு (நடுவருகே நிற்கும் லைன்மேன்) பின்னால் தள்ளப்பட்டிருப்பார், அல்லது கிக்கர் தூரத்துக்காகத் தாழ்வாக அடித்திருப்பார். தூரக் கிக்குகளில் இரண்டாவது காரணம் அதிகம். "லைன் மோசம்" என்று எழுதுமுன் எத்தனை யார்டு கிக் அது என்று பாருங்கள்.

கல்லூரி ஆட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் ஹாஷ் கோடுகளின் இடைவெளி. பந்தை வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டு எல்லை இந்தக் கோடுகள். கல்லூரியில் இரு ஹாஷுக்கும் இடையே 40 அடி. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம், கோல் கம்பத்தின் அகலமும் அதேதான். ஆகவே தொழில்முறையில் பந்து எப்போதும் கம்பங்களுக்கு நேராகவே நிற்கும். கல்லூரியில் ஹாஷில் வைத்த பந்து அருகிலிருக்கும் கம்பத்திலிருந்து பத்தடிக்கு மேல் வெளியே நிற்கிறது. 22 யார்டு கிக் ஹாஷிலிருந்து என்றால் பந்தை நன்றாகச் சாய்த்து அடிக்க வேண்டும். 40 யார்டு போனால் அந்தச் சாய்வு குறைந்துவிடும். கிக்கரின் தவறுகளை இடது ஹாஷ், வலது ஹாஷ், நடு என்று குறித்தால், "இவருக்குக் குறுகிய தூரத்தில் பதற்றம்" என்று சொல்லப்படுவது பல சமயம் "இவருக்கு இடது ஹாஷ் பிடிக்காது" என்பதுதான் என்று தெரியவரும்.

டிரான்ஸ்ஃபராக வரும் கிக்கரின் எண்களைப் படிக்கும்போது அவர் எங்கே அடித்தவை என்றும் பாருங்கள். வயோமிங் பல்கலைக்கழக அரங்கம் லாரமி நகரில் 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைந்த அங்கே 52 யார்டு போகும் கால், கடலோர மாநிலத்தின் கனத்த காற்றில் 48 போனால் ஆச்சரியமில்லை. கூரை போட்ட அரங்கத்தில் அடித்தவருக்கும் இதே தள்ளுபடி.

ஃபீல்டு கோல் அணி எதற்காக அமைக்கப்பட்டது என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013 நவம்பர் 30 போதும். ஆபர்ன் அரங்கில் கடைசி ஒரு நொடி. அலபாமா 57 யார்டு முயன்றது. பந்து குறைவாக வந்து விழ, எண்ட் ஸோனின் (கோல் கோட்டுக்குப் பின்னுள்ள பகுதி) பின்கோட்டருகே காத்திருந்த கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து முழு மைதானத்தையும் ஓடிக் கடந்தார், ஆபர்ன் 34-28. களத்தில் இருந்த அலபாமா ஆட்கள் பந்தைக் காப்பதற்காக நின்ற கனத்த லைன்மேன்கள். துரத்துவதற்காக நின்றவர்கள் அல்ல. 55-க்கு மேல் முயலும் பழக்கமுள்ள பயிற்சியாளர் உங்கள் அணிக்கு இருந்தால், அந்த மாதிரிக் கிக்குக்கு வேறு ஆட்களை இறக்குகிறாரா என்று கவனிப்பது நியாயமான கேள்வி.

பன்டுக்கு வருவோம். உங்கள் பன்டர் திரும்புகிறார் என்பது நல்ல செய்திதான், ஆனால் எந்தச் சராசரியை வைத்து அவரை நல்லவர் என்கிறீர்கள்? ஒரு கற்பனைக் கணக்கு. ஒருவர் 50 பன்ட், சராசரி 46 யார்டு, மொத்தம் 2,300. அதில் 8 டச்பேக் (பந்து எண்ட் ஸோனுக்குள் போய்விடுவது), ஒவ்வொன்றும் 20 யார்டு இழப்பு, 160 போயிற்று. ரிட்டர்னில் 240 கொடுத்தார். மிச்சம் 1,900, நிகரச் சராசரி 38. இன்னொருவர் 50 பன்ட், சராசரி 42, மொத்தம் 2,100. டச்பேக் 2, ரிட்டர்ன் 60. மிச்சம் 2,000, நிகரம் 40. நான்கு யார்டு குறைவாக அடித்தவர் இரண்டு யார்டு கூடுதலாகச் சம்பாதிக்கிறார். பட்டியலில் முதலில் வருவது முதலாமவர் பெயர்.

நிகரத்திலும் ஒரு பொறி உண்டு. எதிரணியின் 42 யார்டு கோட்டிலிருந்து அடித்து 7-இல் நிறுத்தினால் அது 35 யார்டு பன்ட். அருமையான பன்ட், சராசரியை மட்டும் கெடுக்கும். எனவே தன் பாதிக்குள் ஆழத்திலிருந்து அடித்தவை தனி, நடுக்கோட்டுக்கு அருகிலும் அப்பாலும் இருந்து அடித்தவை தனி. முதல் வகைக்கு நிகர யார்டு, இரண்டாம் வகைக்கு 10 யார்டு கோட்டுக்குள் எத்தனை, டச்பேக் எத்தனை என்ற விகிதம். 2017 டெக்சஸ் பவுலில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டிக்சன் என்ற பன்டருக்கே ஆட்ட நாயகன் விருது கொடுத்தார்கள். மிசௌரி அணியை மறுபடி மறுபடி 20 யார்டுக்குள் அடைத்ததற்காக.

அடித்த பந்து வானில் எத்தனை நொடி நிற்கிறது என்பதை ஸ்டாப்வாட்சில் எடுங்கள்: கால் பட்டதிலிருந்து ஆள் தொட்டது வரை. பத்து யார்டுக்கு ஒரு நொடி என்பது பழைய, இன்னும் பயன்படும் அளவுகோல்: 42 யார்டு என்றால் 4.2 நொடி, 45 என்றால் 4.5. 50 யார்டு போய் 4 நொடியில் விழும் பந்து கூட்டத்துக்குப் பிடிக்கும். ரிட்டர்னருக்கு அதைவிட அதிகம் பிடிக்கும். கவரேஜ் ஓடி வருவதற்குள் அவர் கையில் பந்து, முன்னால் பத்து யார்டு வெற்றிடம். பன்டரின் தவறு கவரேஜின் தலையில் எழுதப்படுவது இப்படித்தான்.

ஸ்னாப்பிலிருந்து கால் படும் வரை 2 நொடி, அதாவது 60 பிரேம். அதில் ஸ்னாப் பறக்கும் நேரம் 0.75, கிட்டத்தட்ட 22 பிரேம். மிச்சம் பன்டருடையது. மொத்தம் 2.2 ஆகியிருந்தால் யார் திருடியது என்று பிரித்துப் பாருங்கள். ஸ்னாப் மெதுவா, பன்டர் ஓர் அடி கூடுதலாக எடுத்து வைக்கிறாரா? ஸ்னாப் என்றால் புது ஆள் வேண்டும். அடி என்றால் வசந்தத்திலேயே சரியாகும்.

கல்லூரி விதிப்படி, பன்டில் யார் வேண்டுமானாலும் பந்து ஸ்னாப் ஆனவுடனே கீழே ஓடலாம். என்எஃப்எல்லில் ஓரங்களில் நிற்கும் இருவர் மட்டுமே கால் படும் முன் ஓட முடியும். இந்த ஒரு வேறுபாட்டால்தான் பெரும்பாலான கல்லூரி அணிகள் ஷீல்டு முறையை ஆடுகின்றன: முன்வரிசையினர் இடைவெளியில் ஒரு கணம் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள், பன்டருக்கு முன்னால் மூன்று பெரிய ஆட்கள் சுவராக நிற்பார்கள். அந்த மூவரை உற்றுப் பாருங்கள். சுவர் பின்னால் நகர்ந்தால் பன்டர் சொந்த ஆளின் முதுகிலேயே அடிப்பார். ஒரே இடைவெளியில் இருவர் வரும்போது மூவரில் யார் யாரை எடுப்பது என்று தயங்கினால் பன்ட் தடுக்கப்படும். அந்த மூவரில் இருவர் போய்விட்டார்கள் என்றால், பன்டர் திரும்புகிறார் என்ற நிம்மதியில் பாதியைக் கழித்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியப் பன்டர்கள் வந்தபிறகு இன்னொரு கேள்வி சேர்ந்திருக்கிறது. 2007-இல் தொடங்கிய புரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சி அமைப்பு வழியாக நிறையப் பேர் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வந்தார்கள். 2014 முதல் பன்டருக்கான ரே கை விருதுப் பட்டியலில் ஆஸ்திரேலியப் பெயர்கள் நிறைய. ஓரமாக ஓடிக்கொண்டே அடிப்பது இவர்கள் கொண்டுவந்த வழக்கம். அதற்கு ஏற்றபடி மொத்தப் பாதுகாப்பும் ஒரு பக்கமாக நகர வேண்டும். முன்வரிசையில் டாக்கிள் எனப்படும் இரு ஆட்டக்காரர்களுக்கு இடைப்பட்ட பெட்டியை விட்டு வெளியே ஓடினால், மோதலிலிருந்து பன்டருக்கு விதி தரும் தனிப் பாதுகாப்பும் போய்விடும். அப்படி அடிப்பவர் போய், நின்ற இடத்தில் உயர அடிப்பவர் வந்தால், ஆளை மட்டும் மாற்றவில்லை. பதினோரு பேரின் காலடிகளையும் மாற்றுகிறீர்கள். ஸ்ப்ரிங் முழுக்க அதற்கே போகும்.

பன்டரால் ஓர் அணி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 2023 அயோவா. அஃபென்ஸ் நாட்டிலேயே கடைசி வரிசை. டோரி டெய்லர் அந்த ஆண்டு 4,479 யார்டு அடித்து, 1938 முதல் நின்றிருந்த ஒரு சீசன் சாதனையை முறியடித்தார். அணி 10 ஆட்டம் வென்றது. இதைச் சொல்லும்போது எல்லோரும் டெய்லரை மட்டும் சொல்கிறார்கள். அவர் அடித்த பந்தை எதிரணியின் 5 யார்டு கோட்டில் தட்டி நிறுத்த ஓடியவர்களைச் சொல்வதில்லை.

கிக்காஃப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் உண்மையில் முக்கியம்: வலிமையான கால் கவரேஜின் ஓட்டைகளை மறைக்கும். 2012 முதல் கல்லூரியில் 35-இலிருந்து அடிக்கிறார்கள், டச்பேக் ஆனால் பந்து 25-க்கு வரும். 2018 முதல் 25-க்குள் ஃபேர் கேட்ச் (ஓட மாட்டேன் என்று கை காட்டிவிட்டுப் பிடிப்பது) பிடித்தாலும் 25 தான். போன ஆண்டு முக்கால்வாசி டச்பேக் போட்ட கால் இந்த ஆண்டு இல்லை என்றால், போன ஆண்டு வாரத்துக்கு ஒரு முறை டாக்கிள் செய்த கவரேஜ் இந்த ஆண்டு மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். அவர்கள் நல்லவர்களா என்று யாருக்கும் தெரியாது; சோதிக்கப்படவே இல்லை. வடக்கு மாநில அணி என்றால் செப்டம்பர் டச்பேக் விகிதத்தையும் நவம்பர் விகிதத்தையும் தனித்தனியே பாருங்கள். குளிரில் பந்து கல்லாகிவிடும். பிறகு வெளியே போன கிக்காஃப்கள் எத்தனை? ஒவ்வொன்றும் எதிரணிக்கு 35-இல் பந்து. டச்பேக்கைவிட 10 யார்டு தானம்.

ரிட்டர்னில் சராசரியைப் பார்க்காதீர்கள். எண்ட் ஸோனில் பிடித்து 23 யார்டு ஓடியவருக்குச் சராசரி 23. அணிக்குக் குறைந்தது 2 யார்டு நஷ்டம், சும்மா நின்றிருந்தால் 25 கிடைத்திருக்கும். பன்ட் ரிட்டர்னில் பார்க்க வேண்டியது முடிவெடுக்கும் திறன். பிடித்திருக்கலாம் என்ற பந்தைத் தரையில் விழவிட்டவை எத்தனை என்று வீடியோவில் எண்ணுங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து யார்டு உருண்டு போகும், எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் பெயரில் ஏறாது. வேகமான பையனைப் பின்னால் நிறுத்தி, அவன் பந்தைப் பிடிக்கப் பயந்து ஒதுங்குவதைவிட, மெதுவான ஒருவர் எல்லாவற்றையும் ஓடிப் போய்ப் பிடிப்பது எவ்வளவோ மேல். கூடவே, ரிட்டர்னின்போது வாங்கிய தண்டனைகள். முதுகில் தள்ளியதற்கும் பிடித்து இழுத்ததற்கும் 10 யார்டு. 20 யார்டு ஓடிய பந்து, தவறு நடந்த இடத்திலிருந்து பின்னால் தள்ளப்பட்டு, தொடங்கிய இடத்துக்கும் பின்னால் போய் நிற்கலாம். இவற்றைச் செய்பவர்களும் அந்த 38-இல் உள்ளவர்கள்தான். வேகம் போதாதவர்தான் முதுகில் தள்ளுவார்.

கணிப்பிலிருந்து கழிக்க வேண்டியவையும் உண்டு. போன ஆண்டு ரிட்டர்ன் டச்டவுன் மூன்று என்பது இந்த ஆண்டும் மூன்று வரும் என்பதற்கு அறிகுறி அல்ல. எதிரணிகள் உங்களுக்கு எதிராக ஃபீல்டு கோல்களை மோசமாகத் தவறவிட்டது பெரும்பாலும் அதிர்ஷ்டம். உங்கள் அணி அதில் செய்தது சொற்பம். பிரையன் ஃப்ரெமோவின் எஃப்இஐ போன்ற தரவரிசைகளில் ஸ்பெஷல் டீம்ஸுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, பாருங்கள். ஆனால் மொத்த இடத்தைவிட, எந்தப் பிரிவிலிருந்து அந்த இடம் வந்தது என்பதே உங்களுக்குத் தேவை. கவரேஜாலும் நிகரப் பன்டாலும் வந்த 20-ஆம் இடத்தில், ஆட்கள் திரும்பினால், கொஞ்சமாவது தங்கும். இரண்டு தடுப்பும் இரண்டு டச்டவுனுமாக வந்த 20-ஆம் இடம் அடுத்த ஆண்டு 60 ஆகலாம்.

இதையெல்லாம் ஸ்ப்ரிங்குக்கு முன்பே ஏன் செய்ய வேண்டும் என்றால், ஸ்ப்ரிங்கில் பார்க்க அதிகம் கிடைக்காது. 34 நாட்களுக்குள் 15 பயிற்சி, அதில் டாக்கிளிங் 8 நாள்தான். ஒரு நாளைக்கு ஸ்பெஷல் டீம்ஸுக்குப் பத்து முதல் இருபது நிமிடம். காயத்துக்குப் பயந்து முழு வேகக் கிக்காஃபை அனேகமாக யாரும் ஆடுவதில்லை. ஸ்ப்ரிங் ஆட்டத்தில் கிக்கரை நோக்கிப் பாய மாட்டார்கள், ரிட்டர்ன் இருக்காது. அங்கே ஐந்துக்கு ஐந்து போட்டார் என்ற செய்தியை அன்றைக்கே மறந்துவிடலாம். அதோடு உயர்நிலைப் பள்ளியிலிருந்து வரும் கிக்கர், ஸ்னாப்பர் பலர் ஜூனில்தான் வந்து சேர்வார்கள். போர்ட்டலும் 2026-இலிருந்து ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே காலம். முன்புபோல் ஏப்ரலில் ஓட்டை தெரிந்து, அப்போது பெயர் கொடுப்பவர்களில் ஒருவரைப் பிடிக்கும் வழி அடைபட்டுவிட்டது.

இருந்தும் ஸ்ப்ரிங்கில் சிலது தெரியும். பன்ட் பிடிக்க வரிசையில் நிற்பவர்கள் யார், முதல் இருவர் யார். இரண்டாவது ஸ்னாப்பர் எறிந்ததில் எத்தனை பன்டரின் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே வந்தன. ஷீல்டில் நிற்கும் மூவர். ஒருங்கிணைப்பாளர் புதியவரா, 2024 முதல் எல்லாப் பணியாளர்களும் களத்தில் இறங்கிப் பயிற்சி தரலாம் என்று விதி தளர்ந்திருப்பதால், முன்பு வீடியோ அறையில் மட்டும் இருந்த ஸ்பெஷல் டீம்ஸ் பகுப்பாய்வாளர் இப்போது மைதானத்தில் நிற்கிறாரா. சட்டை எண்களையும் பாருங்கள், சிரிக்க வேண்டாம். கல்லூரியில் அஃபென்ஸில் ஒருவரும் டிஃபென்ஸில் ஒருவரும் ஒரே எண் வைத்திருப்பது வழக்கம். இருவரும் ஒரே பன்ட் அணியில் சேர்ந்து இறங்கினால் தண்டனை. வசந்தத்தில் கவனிக்காத அணி செப்டம்பர் முதல் வாரத்தில் ஐந்து யார்டு கொடுத்துக் கற்றுக்கொள்ளும்.

உங்கள் அணிக்கே வந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி: போன ஆண்டு பந்தைப் பிடித்து வைத்த ஹோல்டர் யார்? பல கல்லூரிகளில் பன்டரே ஹோல்டர். அவரும் ஸ்னாப்பரும் திரும்புகிறார்கள் என்றால், மூவர் சங்கிலியில் இரண்டு கண்ணி அப்படியே இருக்கிறது, புதிய கிக்கர் வந்து பொருந்திக்கொள்வார். 45-க்குள் பெரிய சரிவு இருக்காது என்றே எதிர்பார்க்கலாம். ஸ்னாப்பரும் போய்விட்டார் என்றால் கதை வேறு. 2015 அக்டோபர் 17 அன்று மிச்சிகன் 23-21 முன்னிலையில், 10 நொடி மிச்சம் இருக்க, பன்ட் அடித்தால் ஆட்டம் முடிந்தது. தாழ்வாக வந்த ஸ்னாப் பன்டரின் கையில் நிற்கவில்லை. மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் அதை எடுத்து 38 யார்டு ஓடினார், 27-23. அடிக்க வேண்டிய கால் அங்கே நலமாகத்தான் இருந்தது. புது ஸ்னாப்பர் என்றால், புதுக் கிக்கரைவிட அதைத்தான் பட்டியலின் மேலே எழுதி, ஆகஸ்ட் வரை அதையே பின்தொடருங்கள்.